இரண்டு குசினி வைத்த கோட்டை

"கோட்டைக்குப் புகைக்கூடு ரெண்டு. குசினி ஒண்டு," என்றான் பாறூக். "அப்ப மற்றப் புகைக்கூட்டுக்குக் கீழ ஆரு இரிந்து சுருட்டுக் குடிச்ச, அக்கா?"

அந்த இரண்டாவது புகைக்கூட்டை அறுபத்தெட்டு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அழகுக்கு வைத்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதியும் இருக்கிறேன். முப்பது வருடம் காணிப் பதிவுக் கந்தோரில் இருந்து பிறருடைய உறுதிப் பத்திரங்களில் பொய் தேடிப் பிடித்தவள் நான். கடலும் யுத்தமும் பத்திரங்களைக் கொண்டுபோன பிறகு, ஓய்விலிருந்த என்னைத் தேடிச் சனம் வந்தது. அன்றிலிருந்து பாறூக்கின் ஓட்டோவில் ஊர் ஊராகத் துப்பறிந்து திரிகிறேன். அப்படிப்பட்ட நான் சொந்த வீட்டின் முகட்டை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவன் காத்தான்குடியான் பாறூக்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணி மாதம். யுத்தம் முடிந்து மூன்று மாதம். குருக்கள்மடத்தில் வாவியைப் பார்த்து நிற்கும் எங்கள் கோட்டை வளவின் பின்புறத்தில், முழங்காலளவு நாயுருவிக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

பெருவயல்காரரான என் பாட்டனார் கதிர்காமத்தம்பிப் போடியார் 1934-ல் கட்டி முடித்த வீடு அது. இரண்டு வட்டக் கோபுரம், மேலே பல்லுப் பல்லாகக் கொத்தளம், பதினான்கு அறை. மட்டக்களப்புக் கோட்டையைத் தோணியில் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து வந்தவர், தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். இப்போது அதன் சுவரில் இடுப்பளவு உயரத்தில் சுனாமி வைத்துவிட்டுப் போன சேற்றுக்கோடு. அதற்கு மேலே, துவக்கோடு வந்து தங்கிப் போன ஒவ்வொருவரும் கரியால் எழுதிய பெயர்கள், கூடாத படங்கள். கிழக்குக் கோபுரத்தை மலசலகூடமாகவே பாவித்திருந்தார்கள். வௌவால் எச்சமும் அதுவும் கலந்த நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் சதீஸ்குமார்.

அவன் காலமான என் அண்ணனின் மகன். சுவிஸிலிருந்து யுத்தம் முடிந்த கையோடு வந்து இறங்கியிருந்தான். எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பாட்டனாரிடமிருந்து என் தாய் இரத்தினம்மாவுக்கு வந்தது. மூத்தவளான எனக்குக் கல்லடியில் வேறு வீடு சீதனமாகப் போனதால், கோட்டை என் தங்கை அன்னப்பூரணிக்குப் போனது. சுனாமியன்று கடற்கரைக் கோயிலுக்குப் போன அன்னப்பூரணி திரும்பவில்லை. அவளுடைய மகள் கிருஷாந்தினி முன் அறைகள் இரண்டைக் கழுவித் துடைத்து, தையல் மெசினோடு அதில் இருக்கிறாள். உறுதிகள் இருந்த இரும்புப் பெட்டியைக் கடல்நீர் வடிந்த பிறகு திறந்தபோது உள்ளே கூழ்தான் இருந்தது. கந்தோரில் இருந்த பிரதியும் யுத்தத்தோடு போய்விட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சதீஸ்குமார் ஒரு பழைய உறுதியைக் கொண்டுவந்தான். 1951 ஆனி 12. 'எனக்கு இரத்தினம்மா என்ற ஒரே மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லாதபடியாலும், அவளுக்குப் போதிய வயல் வட்டை கொடுத்துவிட்டபடியாலும், இவ்வீட்டை என் பேரனுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன்.' பேரன் என்றால் என் அண்ணன். அண்ணனுக்குப் பிறகு இவன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கொழும்புச் சட்டத்தரணி வருவார். ஹோட்டல் கட்டுகிற கம்பெனி ஒன்றுக்குக் கோட்டை போய்விடும். கிருஷாந்தினிக்கு வாழைச்சேனையில் பேசி முடித்து, தைமாதம் கலியாணம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடில்லாத பெண்ணிடம் அவன் எங்கே வந்து இருப்பது?

உறுதி பொய் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. மகள் இருக்கும்போது பேரனுக்கு வீடு எழுதும் போடியார் எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை. ஆனால் தெரிந்தது வேறு, காட்டுவது வேறு. பொய் உறுதி என்றால் எங்காவது இடறும். இது இடறவில்லை. 1978-ல் நான் எழுதி அச்சிட்ட 'கோட்டை வளவின் வரலாறு' என்ற புத்தகத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது. 'இரத்தினம்மா என்ற ஒரே மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லாதபடியால்' என்று நானும் எழுதியிருந்தேன். என் தாய் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியது.

"சுவருக்கு அங்கால என்ன இரிக்கு எண்டு பாப்பமா?" என்றான் பாறூக்.

சுனாமித் தண்ணீர் திரும்பிப் போகும்போது பின்சுவரின் மூலையைக் கடித்துக்கொண்டு போயிருந்தது. பாறூக் அலவாங்கால் நாலு குத்துக் குத்தி ஓட்டையைப் பெருப்பித்தான். தலையைக் குனிந்து பழக்கமில்லாத நான், அன்று குனிந்து உள்ளே போனேன்.

அது ஒரு முழுக் குசினி. மூன்று அடுப்பு, அம்மி, தண்ணீர்ப் படிக்கட்டுக்கு இறங்கும் தனிக் கதவு. எங்கள் குசினியை அப்படியே தூக்கி மறுபக்கம் திருப்பி வைத்தது போல இருந்தது. மண்டபத்துக்குப் போகும் வாசலை மட்டும் சீமெந்துக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். சுவர் பழைய செங்கல்லும் சுண்ணாம்பும். அடைப்பு அதற்கு இருபத்தைந்து வருடமாவது இளையது. அந்த வாசலின் மறுபக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கதவு பூட்டித்தான் கிடந்தது; அங்கே பாம்புப் புற்று இருந்ததால் மூடியது என்று அம்மா சொல்லியிருந்தார்.

பாறூக் அடுப்பைத் தடவி விரலைப் பார்த்தான்.

"என்ட ஊட்டுக்காரி அப்பம் சுடுற அடுப்ப ஒரு கிழமையில இதவிடக் கறுப்பாக்கிப் போடுவா. இதுல ஆரோ பத்து நாள் சமைச்சிரிக்கு, மறுகா நிப்பாட்டியிரிக்கு. போடியாருக்குக் கோவம் வந்தா தனியாச் சமைக்கிறவரோ?"

"எங்கட பக்கத்தில ஆம்பிளைக்குக் குசினி கட்டுறதில்லை, பாறூக்," என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் அடுப்புக்குப் போய்விடுவான். குசினி மகளுக்கு. இரண்டு மகள் என்றால் இரண்டு. இரண்டு கோபுரமும் அதற்குத்தான். வெள்ளைக்காரன் பாணி, கொத்தளம் என்று நான் பக்கம் பக்கமாக வருணித்தது உண்மையில் ஒரே முகப்பு வைத்த இரண்டு சீதன வீடு.

"அப்ப ரெண்டாவது மகள் ஆரு?"

அதற்குச் சுவர்த் தட்டில் இருந்த ஒரு பொருள் பதில் சொன்னது. இனாமல் பிளேட் ஒன்று, மேலே ஒரு கோப்பை கவிழ்த்து வைத்தபடி. பிளேட்டின் விளிம்பில் சிவப்பு மையால் 47 என்று எழுதியிருந்தது. கதவை அடைத்தவர்கள் அம்மிக்குழவியைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள். இதை எடுக்கவில்லை. எறிந்துவிடுவதற்காகக்கூட ஒருவரும் தொடவில்லை.

பாறூக் அதைக் கையில் எடுத்தான். வழக்கமான கேலியும் பகிடியும் விடாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெருநாளைக்கு எங்கட பள்ளியால தீவு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போறம், அக்கா. குட்டம் வந்த ஆக்களை வெச்சிரிந்த இடம். பழைய ஆக்கள்ட பிளேட்டெல்லாம் இப்பிடித்தான் இரிக்கும். ஆளுக்கொரு நம்பர்."

தொழுநோய் என்றதும் என் கை தானாகப் பின்னுக்குப் போனது. அதை நான் கவனித்தேன். அவனும் கவனித்திருப்பான், ஆனால் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

மத்தியானம் தீவுக்குத் தோணி பிடித்தோம். தோணிக்காரன் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, அக்காவின் சொந்தக்காரர் ஒருவரைத் தேடி என்று பாறூக் சொல்லிவிட்டான். அப்படியெல்லாம் கண்டவரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கடிந்துகொண்டேன். துப்பறிகிறவர்கள் உண்மை பேசக் கூடாதென்று தனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் மரியாதை தெரிந்த மனிதர். பழைய புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கறையான் அரித்திருந்தாலும் 47 அரிபடாமல் இருந்தது.

கண்ணம்மை. வயது 19. தகப்பன் கதிர்காமத்தம்பி, குருக்கள்மடம். சேர்ந்தது 1938.

பார்க்க வந்தவர்களின் புத்தகம் வேறாக இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, தவறாமல், அதே கையெழுத்து. உறவு என்ற இடத்தில் 'தகப்பன்'. என் பாட்டனாரின் கையெழுத்தை நூறு வயல் உறுதிகளில் பார்த்தவள் நான். விரலை வைத்துக்கொண்டே 1951-க்கு வந்தேன். ஆனி 16, சனிக்கிழமை. கதிர்காமத்தம்பி. தகப்பன்.

"செவ்வாய்க்கிழமை ஒரே மகள் எண்டு உறுதி எழுதின மனிசன்," என்றான் பாறூக், "சனிக்கிழமை தோணி ஏறி வந்து மற்ற மகளுக்குத் தகப்பன் எண்டு ஒப்பம் வெச்சிரிக்கார். நாலு நாளையில புள்ள பெத்த போடியார்."

சதீஸ்குமார் எங்கே இடறினான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. 'ஒரே மகள்' என்பது 1951-ல் இந்த உலகத்தில் இல்லாத பேச்சு. பாட்டனார் 1955-ல் கண் மூடும்வரை இரண்டு மகளின் தகப்பனாகத்தான் இருந்தார். அந்தப் பொய் எனது புத்தகத்தில் பிறந்தது. உறுதி செய்தவன் அதைப் பார்த்து எழுதியிருக்கிறான். கள்ளனைப் பிடித்துவிட்டேன், என் சொந்தப் பொய்யை வைத்து.

பாறூக் பக்கத்தைத் திருப்பினான். 47-க்கு எதிரே இன்னும் இரண்டு வரி இருந்தது. 1961 மாசி: பூரண சுகம், வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதற்குக் கீழே, பதினொரு நாள் கழித்து: திரும்பி வந்தார். காரணம், வீட்டில் இடமில்லை.

"பதினாலு அறை," என்றான் பாறூக். அது பகிடி இல்லை.

பிரதியை எழுதி முத்திரை குத்தித் தருவதற்குள், கண்ணம்மையோடு ஒரே வார்ட்டில் இருந்தவர் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று பொறுப்பாளர் சொன்னார். றஸீனா என்று பெயர். எண்பதை எட்டிய பெண். வேப்ப மரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். விரல்கள் பாதிதான் இருந்தன. அவருக்கும் எப்போதோ சுகமாகிவிட்டது. ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று நான் கேட்டது எவ்வளவு மடத்தனம் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. வீடு இருந்தால்தானே போவது என்றார், கோபமில்லாமல்.

நான் யாரென்று சொல்லவில்லை. குருக்கள்மடத்திலிருந்து வருகிறோம், காணி விஷயம் என்றேன். அவர் கண்ணம்மையைப் பற்றித் தானாகவே பேசினார். நல்ல வாசிப்புக்காரி. கோபக்காரி. வீட்டுக்குப் போய்ப் பதினோராம் நாள் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, தோணியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாராம்.

"ஏன் எண்டு கேட்டன். தாத்தாட மகளுக்குக் கலியாணமாம். மாப்புள ஊட்டாக்கள் வாற நேரம் இவ நிண்டா ஒண்ணாதாம். கலியாணம் முடிய வந்து கூட்டிப் போறன் எண்டு சொல்லித்தான் விட்ட."

1961-ல் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கலியாணம்தான் நடந்தது. பங்குனி மாதம். எனக்கு இருபது வயது; அதுவரை மட்டக்களப்பில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, கலியாணத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். கூறைச் சீலையோடு அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைப்பூவைச் சரிபார்த்தேன். கண்ணாடி புதிது, சுவரில் சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. எல்லாரும் வடிவு என்றார்கள்.

"மறுகா ஆரும் வந்தயா?" என்று பாறூக் கேட்டான்.

"ஒரு புத்தகம்தான் வந்த. கோட்டையப் பத்தி ஆரோ பெறாமகள், தாத்தாட மகள் எழுதினதாம், எழுபத்தெட்டிலயோ எப்பயோ. ஆஸ்பத்திரிக்கு ஆரோ கொண்டு வந்து தந்த. அதுல ஒரே மகள் எண்டு போட்டிரிந்த. ரெண்டு தரம் வாசிச்சா."

"என்ன சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"புள்ள நல்லா எழுதியிரிக்கு எண்டா."

அதற்குப் பிறகு கண்ணம்மை ஆறு வருடம் இருந்துவிட்டு, எண்பத்துநாலில் செத்தாராம். திரும்பும்போது தோணியின் விளிம்பில் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தேன். வாவி கண்ணாடி போல் கிடந்தது, அலையில்லை. பாறூக் தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இறந்துபோன என் தாயை இருபது வருடமாகத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தேன். அவர் எத்தனை தரம் எனக்குச் சோறு ஊட்டியபடி அந்தப் பாம்புப் புற்றுக் கதையைச் சொன்னார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தோம். சட்டத்தரணி, வாசனை பூசிய சதீஸ்குமார், கிருஷாந்தினி, நான், வாசலில் சாய்ந்தபடி பாறூக். சட்டத்தரணி உறுதியை விரித்து, இதை மறுப்பதற்கு யாரிடமாவது ஆதாரம் உண்டா என்று வழக்கப்படி கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்கு முன் மருமகனோடு ஒரு சொல் பேச வேண்டும் என்று சதீஸ்குமாரைக் கண்ணாடிப் பக்கம் கூட்டிப் போனேன். என் குடியின் பெயரை வெளியே இழுக்காமல், அவனாகவே தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அப்போதும் ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. பிரதியைக் காட்டினேன்.

அவன் வாசித்தான். முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. சிரித்தான்.

"இது எனக்குத் தெரியும், மாமி. அப்பா சாகக்குள்ள சொன்னவர்."

"தெரிஞ்சுமா அந்த வரியைப் போட்ட நீ?"

"தெரிஞ்சபடியாத்தான் போட்டன். நீங்க எழுதின வரி. அதைப் பொய்யெண்டு நிரூபிக்கிறதுக்கு உலகத்தில ஒரு ஆள்தான் இரிக்கு. அந்த ஆள் வாய் திறக்க மாட்டா எண்டு எனக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "குட்டக்காரி வீடெண்டு கேள்விப்பட்டா வாழைச்சேனைக்காரன் வருவானா? யோசிச்சுப் பாருங்க. உங்கட கலியாணத்துக்குச் செய்ததத்தானே நான் இவள்ட கலியாணத்துக்கும் செய்யச் சொல்லுறன். பொத்திக்கொண்டு இருங்க."

என் வாழ்நாளில் முதல் தடவையாக என்னைச் சரியாக அளந்த ஒரு மனிதனைக் கண்டேன், அவன் ஒரு கள்ளன். அவன் உறுதியில் இடறவில்லை. என் மானத்தைப் பூட்டாக்கி அந்த உறுதிக்குப் போட்டிருந்தான். அதைவிட அருவருப்பு, பூட்டு பொருந்தியிருந்தது. அரை நிமிடம் வாய் மூடுவதற்கு ஒரு நல்ல காரணத்தை என் மனம் தேடியது. தேடியது என்பதை மறைக்க மாட்டேன்.

கண்ணாடிக்குள் கிருஷாந்தினி எழுந்து வருவது தெரிந்தது. எவ்வளவு கேட்டாளோ தெரியாது. என் கையிலிருந்த பிரதியை வாங்கினாள். முழுவதும் வாசித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

"பெரியம்மா, இவவுக்கு இஞ்ச இடமில்லை எண்டு சொன்னது ஆரு?"

"என்ட அம்மா. எனக்காக."

அவள் அழவில்லை. தாளை மடித்து என் கையிலேயே தந்தாள்.

"வாழைச்சேனைக்கு நானே போய்ச் சொல்லுறன். கேட்டுட்டு வாறதெண்டா வரட்டும். வராட்டி மெசின் இரிக்கு."

நான் மேசைக்குத் திரும்பிப் போய் இருந்தேன். சட்டத்தரணி தாள் தந்தார், பேனாவும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார், தங்க மூடி வைத்த நல்ல பேனா. எழுதினேன். 1978-ல் நான் எழுதிய புத்தகத்தில் உள்ள வரி பொய். கதிர்காமத்தம்பிப் போடியாருக்கு மகள்கள் இருவர். இளையவருக்கென்று கட்டிய குசினி இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. இந்த உறுதி எழுதப்பட்டதாகச் சொல்லும் கிழமையில் போடியார் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் கையெழுத்து உண்டு. பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

சட்டத்தரணி இரண்டு தரம் வாசித்தார். சதீஸ்குமாரை நிமிர்ந்து பார்த்தார். தன் கட்சிக்காரரோடு பிறகு தனியாகப் பேச வேண்டியிருக்கும் என்று குளிர்ந்த குரலில் சொல்லி, கம்பெனியின் தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். சதீஸ்குமார் தன் உறுதியை எடுக்கக் கை நீட்டினான். அது இனித் தன்னிடமே இருக்கட்டும் என்றார். வாசலில் பாறூக் விலகி வழிவிட்டான். மாமியிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் சுவிஸில் இல்லையா என்று சதீஸ்குமாரின் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

"ஒரு விஷயம் விட்டுப் போச்சு, அம்மா," என்றார் சட்டத்தரணி. "அவங்கள் உங்களுக்கு என்ன முறை? எந்த ஆஸ்பத்திரியில, என்ன வருத்தத்துக்கு இருந்தவங்கள்? அதையும் எழுத வேணும்."

"சின்னம்மா," என்றேன். அறுபத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை நான் ஒருவருக்கும் சொல்லிப் பழகவில்லை. "என்ட சின்னம்மா. குட்டநோய்."

எழுதிக் கையெழுத்திட்டுப் பேனாவை நீட்டினேன். அவர் கை பாதி வந்து நின்றது. படித்த மனிதர், நல்ல மனிதர். மேசையில் வையுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கிருஷாந்தினிக்கும் எனக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பேனா மேசையிலேயே கிடந்தது.

பாறூக் வந்து அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நல்ல பேனா, அக்கா. ஆளைக் கூப்பிடவா?"

"தேவையில்லை," என்றேன். மூடியைப் பூட்டி, அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.